கேட்காமல் போட்ட பதினோரு பெயர்கள்

1

என் தம்பி மகன் கணேசன் துறையூரில் ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிறான். மலேசியாவைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டான். கோலாலம்பூர்க் கட்டடங்களைப் பற்றி எழுதுங்கள் அத்தை, இங்கே எல்லாரும் ஆசையாகப் படிப்பார்கள் என்கிறான். கோலாலம்பூருக்கு நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன், ஒரு கல்யாணத்துக்கும் ஒரு சாவுக்கும். கட்டடங்களை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. எனக்குத் தெரிந்தது பேராக் மாநிலம். அதிலும் மூன்று இடம்தான்: பீடோர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை, இப்போது ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் என் மகள் வீடு.

சென்ற வாரம் என் வீட்டுக்காரருடைய பத்தாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. பேப்பரில் போட்டோம். அதைப் பற்றி எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன், கணேசன் அவசரப்படக் கூடாது.

பேப்பரில் போடுவது என்றால் ஊரில் இருப்பவர்களுக்கு விளங்காது. இங்கே தமிழ்ப் பேப்பரில் ஒரு முழுப் பக்கம், சில நாள் இரண்டு பக்கம், இறந்தவர்களுக்கு என்றே உண்டு. மேலே படம், கீழே பிறந்த நாளும் இறந்த நாளும், நாலு வரிப் பாட்டு, அதற்கும் கீழே குடும்பத்தார் பெயர்கள். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று வருஷா வருஷம் போடுவார்கள். இது பெரிய மனிதர்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டினவருக்கும் போடுவார்கள், லாரி ஓட்டினவருக்கும் போடுவார்கள். காலையில் பேப்பர் வந்ததும் பெண்கள் முதலில் பிரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். தோட்டங்கள் கலைந்து திசைக்கு ஒருவராகப் போய்விட்ட சனத்துக்கு, யார் எங்கே இருக்கிறார்கள், யார் மகளை யாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பெயர்களில்தான் தெரியும். ஒரு பெயர் விட்டுப் போனால் அந்த வீட்டோடு ஒரு வருஷம் பேச்சு வார்த்தை இருக்காது.

2

பதினெட்டு வயதில் கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள் நான். என் வீட்டுக்காரர் பெயர் மாரிமுத்து. ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். பீடோர்த் தோட்டத்தில் இருபத்தைந்து வருஷம் மரம் வெட்டினோம். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கமுந்திங்கில் புதிதாகத் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போனோம். கையுறை செய்கிற இடத்தில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. ரப்பர் எங்களை விடவில்லை. அங்கே மரத்தில் வடிந்த பால் இங்கே தொட்டியில் நின்றது.

ஒரு நீளமான சங்கிலி. அதில் வரிசையாகப் பீங்கான் கைகள், விரல்கள் கீழே பார்த்தபடி. அவை பாலில் முங்கி, சூட்டறைக்குள் போய் வெந்து, வெளியே வரும். வந்ததும் உறையை உரித்தெடுப்பது எங்கள் வேலை. என் வரிசையில் என்னைச் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். என் வீட்டுக்காரருக்குச் சங்கிலிக்கு எண்ணெய் போடும் வேலை.

தோட்டத்தில் தாள் கையெழுத்து ஒன்றும் கிடையாது. காலையில் பேர் கூப்பிட்டால் வேலை உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. இங்கே சேர்ந்த அன்றைக்கே நாலு பக்கத்தில் ஒப்பந்தம் என்று நீட்டினார்கள். எல்லாம் ஆங்கிலம். ஆபீசில் கணக்கெழுதும் மணியம் கிராணி எங்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

"ஒம்பதாவது. தொழிற்சாலை சமாச்சாரம் எதையும் வெளியாளுக்கோ பேப்பருக்கோ ரேடியோவுக்கோ சொல்லக்கூடாது, எழுதக்கூடாது. மீறினா வேலை போயிரும்."

எனக்கு முன்னால் நின்ற அஞ்சலை கேட்டாள். "கிராணி, வீட்டுக்காரருக்குச் சொல்லலாமா?"

"உன் வீட்டுக்காரர் பேப்பர் நடத்துறாரா?"

"பேப்பர் நடத்தல. ஆனா அவருகிட்ட ஒண்ணு சொன்னா சாயங்காலத்துக்குள்ள கமுந்திங் முழுக்கத் தெரிஞ்சிரும் லா."

எல்லாரும் சிரித்தோம். கிராணியும் சிரித்தார். அந்த லா இங்கே எல்லாரும் பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்வது. பிறகு கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தள்ளினார். எல்லாரும் வைத்தார்கள். என் முறை வந்தபோது, பேனா கொடுங்கள் என்றேன். தோட்டத்து இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகியவள் நான். என் பெயர் பொன்னம்மா, ஐந்து எழுத்து. ஐந்தையும் நான் எழுதி முடிக்கும்வரை அவர் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். முனகட்டும் என்று எழுதினேன்.

3

அவர் போன அன்றைக்கு நிறைய ஆர்டர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சங்கிலி ஒரு மாதிரி கீச்சிட ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் எண்ணெய்க் குவளையோடு வந்து, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினார். எங்கள் மேலாள் வேண்டாம் என்றான். நிறுத்தாதே, ஓடட்டும், அப்படியே போடு என்று மலாயில் சொன்னான். கத்திச் சொன்னான், சங்கிலிச் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் யாருக்கும் கேட்காது. அதனால் எனக்கும் கேட்டது, என் வரிசையில் நின்ற பதினோரு பேருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு சங்கிலி நின்றது.

அது நின்றபோது என் கையில் பாதி உரித்த உறை ஒன்று இருந்தது. மீதியையும் உரித்துக் கூடையில் போட்டேன். போட்டுவிட்டுத்தான் ஓடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பத்து வருஷமாக யோசிக்கிறேன். 

தொழிற்சாலையில் அவருடைய கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். கருமாதி முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். அதே வரிசை, அதே இடம். அங்கே எப்படித் திரும்பிப் போனீர்கள் என்று என் மகள் இப்போது கேட்கிறாள். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். வேறென்ன சொல்வது?

4

முதலாம் ஆண்டு வந்தது. தைப்பிங்கில் பேப்பர் ஏஜெண்டு தங்கராசு கடைக்குப் போனேன். நினைவு நாள் விளம்பரத்துக்கு அவரிடம் ஒரு நோட்டு இருக்கும். அதில் நம்பர் போட்டுப் பாட்டுகள் எழுதி வைத்திருப்பார். தாய்க்கு இத்தனாம் நம்பர், தகப்பனுக்கு இத்தனாம் நம்பர் என்று நாம் சொன்னால் போதும்.

"அக்கா, புருஷனுக்கு ஏழாம் நம்பர் போடுங்க லா. ஆலமரமா நெழல் தந்தீங்கன்னு ஆரம்பிக்கும். படிக்கறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துரும்."

"அவரு ஆலமரம் இல்லய்யா. ஒல்லியா இருப்பாரு."

"பாட்டுல எல்லாரும் ஆலமரம்தாங்கா."

"எனக்குப் பாட்டு வேணாம். நான் சொல்றத எழுதிக்குங்க."

சொன்னேன். அவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். மறுபடியும் சொன்னேன். எழுதினார். இதுதான் நான் சொன்னது: "சங்கிலியை நிறுத்தாமல் எண்ணெய் போடச் சொன்னார்கள். அதில் சிக்கி இறந்தார்."

அப்புறம் பெயர்கள். மனைவி, மகள், மருமகன். அதற்குக் கீழே உடன் வேலை செய்பவர்கள் என்று என் வரிசைப் பெண்கள் பதினோரு பேருடைய பெயரையும் சொன்னேன். அவர்களைக் கேட்டுக்கொண்டா போட்டாய் என்று கேட்பீர்கள். பெயர் போடுவதற்கு இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. போடட்டுமா என்று கேட்டால், உன்னை விட்டுவிடட்டுமா என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். சாவு வீட்டுக்கு வந்து கூட நின்றவர்களை அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. அந்த வழக்கத்தில்தான் போட்டேன்.

பேப்பர் வந்த அன்று பதினோரு பேரும் சந்தோஷப்பட்டார்கள். சூசையம்மா தன் பெயர் இருந்த துண்டைக் கத்தரித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். பெட்டி கட்டும் பகுதியில் வேலை செய்த பக்கத்து வீட்டு லெட்சுமி மட்டும் என்னோடு பேசவில்லை. அவள் பெயர் விட்டுப் போயிருந்தது.

5

மூன்றாம் நாள் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாகியின் மேசைமேல் அந்தப் பேப்பர் விரித்திருந்தது. நான் சொன்ன இரண்டு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பதினோரு பெயருக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு கோடு. நான் மரியாதைக்குப் போட்டதை அவர்கள் சாட்சிப் பட்டியலாகப் படித்திருக்கிறார்கள். நிர்வாகி மலாயில் பேசப் பேச மணியம் கிராணி குனிந்த தலை நிமிராமல் தமிழில் சொன்னார். எல்லாரும் ஒன்பதாவது விதியை மீறியிருக்கிறோம். பன்னிரண்டு பேருக்கும் வேலை போகும். போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. என் பெயரை எனக்குத் தெரியாமல் பொன்னம்மா போட்டாள் என்று பதினோரு பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரி தவறு என்று நான் பேப்பரில் திருத்தம் போட வேண்டும். ஒரு வாரம் தவணை.

பஸ் ஸ்டாப்பில் எங்கள் வரிசைப் பாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்கா, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அஞ்சலை திரும்பினாள். "கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பியா நீ? போடலேன்னா ஆறு மாசம் மூஞ்சத் தூக்கி வச்சிருப்ப லா."

லெட்சுமி அன்றைக்குத்தான் என்னோடு பேசினாள். "என் பேரை விட்டுட்டாங்களேன்னு எனக்குச் சோறே எறங்கல. இப்பப் பாரு, மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா."

"உனக்கென்னடி, சிரி," என்றாள் பாக்கியம்.

எல்லாரும் பஸ் ஏறும்வரை சூசையம்மா பின்னாலேயே நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க போட்டது பொய்யில்ல. அந்தாளு சொன்னத நானும் கேட்டேன். ஆனா எனக்கு நாலு புள்ள."

அவளுக்கு மட்டுமா? பதினோரு பேர் வீட்டிலும் அடுப்பு அந்தச் சங்கிலியை நம்பித்தான் எரிந்தது. என் மகள் கல்யாணமாகி ஈப்போவில் இருந்தாள். நான் ஒருத்தி.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தைப்பிங்கில் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் அரசாங்க ஆபீசுக்குப் போனேன். முதலில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். என்னுடையது சிவப்பு அட்டை. இத்தனை வருஷம் இங்கே பால் வெட்டியும் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. சிவப்பைப் பார்த்தால் எந்த ஆபீசிலும் குரல் கொஞ்சம் மாறும். அங்கே இருந்த மலாய் அதிகாரி மட்டும் மாறவில்லை. மக்சிக் உட்காருங்கள் என்றார், சின்னம்மா மாதிரி ஒரு மரியாதை அது. நாலு பக்கத்தையும் படித்தார்.

இது பால் கலக்கும் பக்குவத்தை அடுத்த கம்பெனிக்குச் சொல்லாமல் இருப்பதற்காக எழுதிய விதி, ஒரு மனிதன் எப்படி இறந்தான் என்பதை மறைக்க இதைக் காட்டினால் செல்லாது என்று நினைக்கிறேன் என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் தாளை மூடவில்லை.

"அப்படின்னா நான் பயப்பட வேண்டியதில்லையே?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

"வேலையை விட்டு நிறுத்தினால் இங்கே வந்து எழுதிக் கொடுங்கள். விசாரிப்போம்."

"விசாரிக்க எத்தனை நாளாகும்?"

"நாள் இல்லை மக்சிக். மாதம். வருஷமும் ஆகலாம்."

விதி செல்லாது. ஆனால் அது செல்லாது என்று சொல்லி முடிக்கும்வரை பதினோரு வீட்டில் சோறு வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "உங்க பேரைப் போட்டது நான். எடுக்கச் சொல்றதும் நான்தான். கேட்டத எழுதிக் குடுத்துருங்க. ஒருத்தரையும் கொற சொல்ல மாட்டேன்."

கடைசிவரை போகாமல் நின்றது அஞ்சலைதான். "நெசமாத்தான் சொல்றீங்களாக்கா?"

"போய் வையிடி."

பதினோரு பேரும் கைநாட்டு வைத்தார்கள். நான் திருத்தம் போடவில்லை. அந்த இரண்டு வரியில் எதைத் திருத்துவது? ஒரு வாரம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. ஒன்பதாவது விதியை மீறியதால் வேலை இல்லை.

அந்தத் தைப்பிங் ஆபீசில் போய் எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. விசாரணைக்குக் கூப்பிட்டபோது வேறு அதிகாரி இருந்தார். கம்பெனிப் பக்கம் நிர்வாகியும், தாள்களைத் தூக்கிக்கொண்டு மணியம் கிராணியும் வந்திருந்தார்கள். நான் ஒன்பதாவது விதியைப் பற்றிப் பேச என்னைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பேச்சே வரவில்லை. அந்த விதியை நாங்கள் பிடித்துக்கொள்ளவில்லை, கூட வேலை செய்பவர்கள் பெயரை அனுமதி இல்லாமல் பயன்படுத்தி அவர்களுக்குத் தொல்லை கொடுத்தார், அதற்காகத்தான் நிறுத்தினோம் என்றார்கள். கிராணி பதினோரு தாளை மேசைமேல் வைத்தார்.

"இவர்களைக் கேட்டீர்களா?" என்றார் அதிகாரி.

"கேட்கவில்லை."

எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொல்லப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ஒப்பந்தத்தைக் காட்டினார். மற்றவர்கள் கைநாட்டு, நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், படித்துத்தானே போட்டீர்கள் என்றார். ஆமாம் என்றேன். ஆங்கிலம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று கடிதம் வந்தது.

அந்த விசாரணை நாளில், முடிந்து வெளியே வந்தபோது மணியம் கிராணி படிக்கட்டு வரை என் பின்னால் வந்தார். "அக்கா, ஒம்பதாவதை அவங்களே கைவிட்டுட்டாங்க, பாத்தீங்களா? செல்லாதுன்னு அவங்களுக்கே தெரியும்."

"அப்ப தாள்லேருந்து எடுத்துருவாங்களா?"

"எதுக்குக்கா எடுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கும்."

6

அதற்குப் பிறகு குனோங் ராபாட்டுக்கு வந்துவிட்டேன். மகள் சரசு, மருமகன், பேத்தி மாலதி. வரிசை வீடு, பின்னால் சுண்ணாம்பு மலை. காலையில் மருமகன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவார், பேத்தி பள்ளிக்கூட வேனில் போவாள். அதன்பிறகு வீட்டில் நானும் ரேடியோவும். பேத்தி படிப்பது மலாய்ப் பள்ளி. நான் தமிழில் கேட்டால் அவள் மலாயில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் விளங்கும், சண்டை இல்லை.

இத்தனை வருஷமும் பேப்பரில் போடுவதைச் சரசு பார்த்துக்கொண்டாள். ஏஜெண்டு நோட்டிலிருந்து ஒரு நம்பர், கீழே எங்கள் நாலு பேர் பெயர். ஆலமரமும் வந்தது, குலவிளக்கும் வந்தது.  இந்த வருஷம் பத்தாவது. எனக்கும் உடம்பு முன்போல இல்லை. இந்தத் தடவை நான் சொல்கிறதைப் போடு என்று அந்த இரண்டு வரியைச் சொன்னேன். சரசு பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போடுங்கம்மா. நான் வேணாம்னு சொல்லல. அப்பா செத்தது அப்படித்தானே."

"சரி. உங்க பேரெல்லாம் போடலாமா? கேட்டுட்டுத்தான் போடணும்."

கத்தி நின்றது. "எங்க பேரு மட்டும் வேணாம்மா."

"ஏன்டி?"

"அவரு இப்ப புதுசா சேந்த ஃபேக்டரியில கையெழுத்துப் போட்டிருக்காரு. அதுலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு."

"அது செல்லாதுடி. நான் போய் நின்னு பாத்துட்டு வந்தவ."

"தெரியும்மா. செல்லாதுன்னு அவருக்கும் தெரியும்."

மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவள் நறுக்கினதை அள்ளிச் சட்டியில் போட்டேன்.

மறுநாள் நானே பஸ் பிடித்து ஈப்போவுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். என் பெயர் ஒன்றுதானா என்று அங்கே இருந்த பெண் இரண்டு தடவை கேட்டாள். ஒன்றுதான் என்றேன்.

பேப்பர் வந்தது பள்ளி விடுமுறை நாள். மாலதிக்குத் தமிழ் படிக்க வராது. தாத்தா படத்தைப் பார்த்துவிட்டு, வாசித்துக் காட்டு என்று அம்மாவிடம் கொடுத்தாள். சரசு வாசித்தாள். பெயர், பிறந்த நாள், இறந்த நாள். பிறகு அந்த இரண்டு வரி. சத்தம் குறையாமல்தான் வாசித்தாள். கடைசியில், மனைவி பொன்னம்மா.

"அப்புறம்?" என்றாள் மாலதி.

"அவ்வளவுதான்."

"மம்மி பேரு? என் பேரு?"

"எடம் பத்தல," என்றாள் சரசு.

என் பெயருக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது. மாலதி அதைப் பார்த்தாள்.